இடுக்கில் நுழையும் செல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இந்தப் பக்கத்தில் ஒரு சின்ன விஷயம் எழுதியிருந்தேன். ஆய்வகத் தட்டில் தாராளமாகப் பரந்து கிடக்கும் புற்றுநோய் செல்லை மூன்று மைக்ரான் அகலமுள்ள இடுக்கில் நுழைய விட்டால் அதற்குள் ஓடும் சமிக்ஞைகளே மாறிவிடுகின்றன, அந்த மாற்றத்தை ஒளிரும் புரத சென்சர்களைக் கொண்டு பார்க்கிறோம் என்று. இருபது வருடத்துக்கும் மேலாக இருட்டறையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். இந்த விஷயத்தில் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்துதான் இரண்டு பத்தியோடு முடித்துக்கொண்டேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. வந்த கடிதங்களில் எட்டுக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, செல்லுக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. இடுக்கில் மாட்டிக்கொண்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?
- பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: முதலில் அளவுகள். அது தெரியாமல் இந்தக் கதை பிடிபடாது. மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். உருண்டு மிதக்கும் ஒரு புற்றுநோய் செல்லின் குறுக்களவு 15, 20 மைக்ரான் இருக்கும். அதன் உட்கரு 10 மைக்ரான் அளவு. கட்டியை விட்டுக் கிளம்பும் செல் கடக்க வேண்டிய வழிகளைப் பாருங்கள்: கொலாஜன் நார்களுக்கு நடுவிலுள்ள ஓட்டைகள், தசை நார்களையும் நரம்புகளையும் ஒட்டிய சந்துகள், இரத்த நுண்குழாய்கள். பல இடங்களில் இவற்றின் அகலம் ஒன்றிலிருந்து இருபது மைக்ரானுக்குள் அடங்கிவிடும். நுண்குழாய்கள் மட்டும் என்றால் 5 முதல் 10. அப்படியானால் பரவப் புறப்பட்ட செல்லுக்கு, நெருக்கடி இல்லாத இடம் கிடைப்பதுதான் அபூர்வம்.

பூனை வேலிக்குள் நுழைவதைக் கவனித்திருப்பீர்கள். தலை நுழைந்தால் போதும், உடல் பின்னாலேயே வந்துவிடும். செல்லுக்குத் தலை என்றால் உட்கருதான். உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம் என்ற கூழ் எந்தச் சின்ன ஓட்டையிலும் வழிந்து போய்விடும். உட்கருவில் அது நடக்காது. டி.என்.ஏ. முழுவதும் அதற்குள் சுருட்டி அடைத்திருக்கிறது, சுற்றிலும் லாமின் என்ற புரதத்தின் வலை. செல்லுக்குள் இருப்பவற்றில் பெரியதும் அதுதான், விறைப்பானதும் அதுதான். 2013-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு ஓர் எண்ணையே கொடுத்தது. நார்களை அறுத்து வழி உண்டாக்கும் நொதிகளைத் தடுத்துவிட்டால், புற்றுநோய் செல் நுழையக்கூடிய ஓட்டையின் பரப்பு குறைந்தது 7 சதுர மைக்ரான் இருக்க வேண்டும். வட்டமாக நினைத்துக்கொண்டால் மூன்று மைக்ரான் குறுக்களவு. அதைவிடச் சின்னதாக இருந்தால் முன்பக்கம் கை நீட்டித் துழாவிக்கொண்டே இருக்கும், உட்கரு மட்டும் வாசலில் நின்றுவிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 2 சதுர மைக்ரான் வரை சமாளிக்கும். அதன் உட்கரு மடல் மடலாகப் பிரிந்து இளகியிருப்பது அதற்கு வசதி.

சரி, உணர்வது எப்படி? ஒரு வழி மேற்சவ்வில் இருக்கிறது. பீசோ-1 என்றொரு புரதம் சவ்வில் கதவு மாதிரி பதிந்திருக்கும். சவ்வு இழுபட்டால் கதவு திறக்கும், வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் செல்லுக்குள் எப்போதும் மிகக் குறைவாகவே வைக்கப்பட்டிருப்பதால், கொஞ்சம் வந்தாலும் ஊரே எழுந்துவிடும். ஆர்டெம் பட்டாபூட்டியனின் குழு இந்தப் புரதத்தை 2010-இல் கண்டுபிடித்தது. செல்லை நுண்ணிய கண்ணாடிக் குழலால் குத்திக் குத்தி, சந்தேகப்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். பட்டியலில் 72 மரபணுக்கள். கடைசி வரை போக வேண்டியிருந்தது. 2021-இல் டேவிட் ஜூலியஸுடன் அவருக்கு நோபல் கிடைத்தபோது, அந்தப் பொறுமைக்கே தனியாக ஒன்று கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு வழி உட்கருவே. 2020-இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதைச் சொன்னார்கள். உட்கருவின் உறை சாதாரணமாகக் கசங்கிய துணி போல மடிப்புகளோடு இருக்கும். செல்லை மேலிருந்து தட்டையாக அமுக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டம் வரை ஒன்றும் நடப்பதில்லை. இடைவெளி உட்கருவின் உயரத்தைவிடக் குறைந்ததும் மடிப்புகள் பிரிந்து உறை விறைக்கிறது. அப்போது ஒரு நொதி உறையில் வந்து ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை அறுத்து விடுவிக்கிறது. அது மயோசின் என்ற இழுவைப் புரதத்தை முடுக்குகிறது. செல்லின் மேற்சவ்வை ஒட்டிய புறப்பட்டை சுருங்குகிறது, அந்த இடத்தை விட்டு வெளியேறப் பார்க்கிறது. நாங்கள் படித்த காலத்தில் உட்கருவை நூலகம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நூலகமே முழக்கோலாகவும் வேலை செய்யும் என்று யாருக்கும் அப்போது தெரியாது.

கேள்வி: மேடம், அப்படியென்றால் பெட்ரி தட்டில் வளர்த்துச் செய்த ஆய்வெல்லாம் வீணா? நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.
- முதுநிலை மாணவர்

பதில்: வீணெல்லாம் இல்லை, தம்பி. ஆனால் மைதானத்தில் ஓடுகிறவனைப் பார்த்துவிட்டு, அவன் சுரங்கத்தில் எப்படித் தவழ்வான் என்று சொல்லக் கூடாது. தட்டில் செல் விரித்த பாயாகக் கிடக்கும். முன்விளிம்பில் ராக்-1 என்ற சமிக்ஞைப் புரதம், செல்லுக்குச் சட்டகமாக இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளைத் தள்ளித் தள்ளி விசிறி போல விரிக்கும். அந்த ராக்-1-ஐத் தடுத்தால் நடை தளரும். இதே செல்லைக் குறுகிய கால்வாயில் விட்டால் விசிறி விரிக்க இடமே இல்லை. அங்கே மயோசினைத் தடுத்தால்தான் நடை தளர்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013-இல் இதைக் காட்டியது. ஒரே செல், ஒரே மரபணுக்கள். வழியின் அகலம் மாறியதும் எந்த மருந்து வேலை செய்யும் என்பதும் மாறிவிட்டது.

அடுத்த வருடம் அதே குழு சொன்னது இன்னும் விநோதம். மூன்று மைக்ரான் கால்வாயில் ஆக்டினையே குலைத்துவிட்ட பிறகும் செல் நகர்ந்தது. முன்முனையில் அயனிகளையும் தண்ணீரையும் உள்ளே வாங்கி, பின்முனையில் வெளியே விட்டு, குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி அது தன்னையே முன்னால் கொண்டுபோனது. இதைப் படித்த அன்று நான் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை ஆக்டின் இல்லாமல் நடை இல்லை என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்!

கால்வாய் செய்வது கஷ்டமில்லை. சிலிக்கான் தகட்டில் ஒளியால் அச்சு எடுத்து, அதன்மேல் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, சூட்டில் இறுக வைத்து, உரித்துக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். உயரம் 10 மைக்ரான், நீளம் 200, அகலம் மட்டும் 50, 20, 10, 6, 3 என்று இறங்கிக்கொண்டே வரும். ஒரே சில்லில் மைதானமும் இருக்கும், சந்தும் இருக்கும். ஒட்டியதும் தாமதிக்காமல் திரவத்தை நிரப்பிவிடு. நான் ஆற அமரச் செய்து, முதல் மாதம் முழுவதும் காற்றுக் குமிழிகளை அழகழகாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: சென்சர் என்கிறீர்கள். சர்க்கரை பார்க்கும் கருவியில் இருப்பதும் பயோசென்சர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
- இல்லத்தரசி

பதில்: குடும்பம் ஒன்று, கிளை வேறு. இரண்டு கிளையும் ஒரே வருடத்தில் துளிர்த்தவை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் உடன் ஆய்வு செய்தவரும், நொதியை மின்முனையின் மேல் பொருத்திக் குளுக்கோஸை அளக்கலாம் என்ற யோசனையை வெளியிட்டார்கள். அதே 1962-இல் ஒசாமு ஷிமோமுராவின் குழு ஒரு ஜெல்லிமீனிலிருந்து ஒளிவிடும் புரதத்தைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டது. பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதமும் கண்ணில் பட்டது என்று அதில் ஓர் ஓரக் குறிப்பு. அந்த ஓரக் குறிப்புப் புரதம்தான் 2008-இல் ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் வாங்கிக்கொடுத்தது.

எந்தப் பயோசென்சரிலும் இரண்டு பேர் வேலை செய்வார்கள். ஒருவர் ஆளை அடையாளம் காண்பவர், மற்றவர் அதை நமக்குச் சொல்பவர். உங்கள் கருவியில் நொதி அடையாளம் காண்கிறது, மின்முனை சொல்கிறது. எங்கள் சென்சரில் இருவரும் ஒரே புரதத்துக்குள் இருக்கிறார்கள். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான மரபணுவைச் செல்லுக்குள் அனுப்பிவிட்டால், செல் தன்னை வேவு பார்க்கும் ஆளைத் தானே செய்து வைத்துக்கொள்கிறது.

பி.கே.ஏ. என்ற நொதியைப் பார்க்கும் சென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு துண்டுகள் கோத்த சரம் அது. ஒரு முனையில் நீலப்பச்சைப் புரதம், மறுமுனையில் மஞ்சள் புரதம். நடுவில் ஒரு துண்டின் மேல் பி.கே.ஏ. வந்து பாஸ்பேட் முத்திரை குத்தும். முத்திரை விழுந்தால் பக்கத்துத் துண்டு அதைக் கவ்விக்கொள்ளும். சரம் மடங்கும், இரண்டு நிறங்களும் நெருங்கும். அப்போது நீலப்பச்சைக்குக் கொடுத்த ஒளியாற்றல் மஞ்சளுக்குத் தாவும். இந்தத் தாவலின் கணக்கை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தியோடர் ஃபார்ஸ்டர் போட்டுக்கொடுத்தார், அதனால் ஃப்ரெட் என்று அவர் பெயரிலேயே சொல்கிறோம். தாவல் தூரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு மைக்ரானை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்த நிற ஜோடிக்கு ஐந்து நானோமீட்டர் தூரத்தில் பாதி ஆற்றல் தாவும் என்றால், பத்து நானோமீட்டரில் நூற்றுக்கு ஒன்றரைதான். அதனால் சரம் கொஞ்சம் மடங்கினாலும் நிறம் மாறிவிடும். மஞ்சளை நீலப்பச்சையால் வகுத்தால் வரும் எண்தான் எங்கள் அளவீடு. கால்சியத்துக்கு இப்படி ஒன்று 1997-இல் வந்தது, இதுபோன்ற நொதிகளுக்கு 2001 வாக்கில்.

இதை வைத்துப் பார்த்தபோதுதான் கால்வாய்க்குள் நடப்பது தெரிந்தது. 2016-இல் வெளியான அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. செல் நெருக்கத்தில் நுழைகிறது, பீசோ-1 திறக்கிறது, கால்சியம் ஏறுகிறது. கால்சியம் ஒரு நொதியைத் தட்டி எழுப்புகிறது, அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறை உடைக்கிறது. தூது குறைந்ததும் பி.கே.ஏ. அடங்குகிறது. அது அடங்கினால் ராக்-1-இன் கை தாழ்ந்து மயோசினின் கை ஓங்குகிறது. முந்தைய பதிலில் சொன்னேனே, மைதான நடை சுரங்க நடையாக மாறுவது, அதற்கான விசை இது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பொறியாளன். செல்லை நசுக்கினால் அதற்குள் இருக்கும் சென்சரும் நசுங்காதா? நிறம் மாறினால் அது செல்லின் சமிக்ஞையா, சென்சரின் கோளாறா, எப்படிச் சொல்வீர்கள்?

பதில்: ஐயா, அடிமடியில் கை வைத்துவிட்டீர்கள். இந்தக் கேள்வியை நான் பட்டுத்தான் கற்றேன்.

பல வருடம் முன்பு, ஒரு நொதியின் சென்சரைச் செல்லில் ஏற்றிக் கால்வாய்க்குள் விட்டேன். நுழைந்ததும் மஞ்சள் மங்கியது, விகிதம் இறங்கியது. வெளியே வந்ததும் ஏறியது. ஒவ்வொரு செல்லிலும் அப்படியே. மூன்று வாரம் தரையில் கால் பாவவில்லை எனக்கு. கூட்டத்தில் காட்டப் படம்கூட வரைந்துவிட்டேன். அப்போது என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்த ஒரு பெண், "அக்கா, செத்த சென்சரைப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

செத்த சென்சர் என்பது எங்கள் பேச்சு வழக்கு. முத்திரை விழ வேண்டிய இடத்தில் திரியோனைன் என்ற அமினோ அமிலம் இருக்கும். அதை அலனைன் என்ற இன்னொன்றாக மாற்றிவிட்டால் முத்திரை குத்தவே முடியாது. மற்றதெல்லாம் அச்சாக அதே புரதம். செல்லுக்குள் என்ன சமிக்ஞை ஓடினாலும் இது வாயைத் திறக்கக் கூடாது. போட்டுப் பார்த்தேன். கால்வாய்க்குள் நுழைந்ததும் அதுவும் மங்கியது. ஏறக்குறைய அதே அளவு.

காரணத்தைத் தேடிப் போனதில் மஞ்சள் புரதத்திடம் வந்து நின்றேன். அந்தக் காலத்து மஞ்சளுக்கு அமிலம் ஆகாது. அமிலநிலையைச் சொல்லும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 6.9 ஆனால் அதன் ஒளி பாதியாகிவிடும். செல்லின் உட்புறம் சாதாரணமாக 7.2 ஒட்டி இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, பாருங்கள். காற்றாட இடமில்லாத கால்வாயில் செல்லின் அமிலநிலை லேசாக நகர்ந்தாலே மஞ்சள் மங்கும், நீலப்பச்சை அவ்வளவு மங்காது, விகிதம் இறங்கிவிடும். நான் மூன்று வாரம் கொண்டாடியது ஒரு நொதியின் செயலை இல்லை, புளிப்பை. சிட்ரின் என்ற வேறு மஞ்சளுக்கு, ஒளி பாதியாகும் அந்தப் புள்ளி 5.7. அதை வைத்து மறுபடி செய்தபோது இறக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. மிச்சம் கொஞ்சம் நின்றது. அந்தக் கொஞ்சம்தான் நிஜம்.

இப்போது நீங்கள் கேட்ட நசுங்கலுக்கு வருகிறேன். ஒளிரும் புரதம் ஒரு பீப்பாய் வடிவம், நீளம் நாலு நானோமீட்டர் சுமார். மூன்று மைக்ரான் கால்வாய் அதைவிட 700 மடங்குக்கு மேல் அகலம். ஆகவே சுவர் நேரடியாக அதை நசுக்குவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் சுற்றி வளைத்து வரும் தொல்லைகள் உண்டு. செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறினால் உள்ளே புரதங்களின் நெரிசல் கூடும், எள் போட்டால் எள் விழாது. அந்த நெரிசலே சில சரங்களை மடக்கிவிடும். இதையே வேண்டுமென்று அளக்கவும் சென்சர்கள் செய்திருக்கிறார்கள். 2010-இல் வந்த ஓர் இழுவிசை சென்சரில், இரண்டு நிறங்களுக்கும் நடுவே சிலந்திப் பட்டின் புரத வரிசை ஸ்பிரிங்காக இருக்கிறது. சில பிக்கோநியூட்டன் இழுவைக்கே அது நீளும். பொறியாளர் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும்.

செல்லின் தடிமன் மாறுவதை விகிதம் ஓரளவு சரிக்கட்டிவிடும், ஏனென்றால் இரண்டு நிறமும் ஒரே அளவு தடிமனுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்தால், நடுவில் செல் நகர்ந்து ஓரங்களில் பொய்யான சிவப்பும் நீலமுமாகக் கோடு விழும். ரப்பர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒளிரும். எண்ணெய்த்தன்மையுள்ள மருந்துகளை அதே ரப்பர் உறிஞ்சிக்கொள்ளும். மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்கள் எழுதிவைப்பீர்கள், மருந்து சுவருக்குள் இருக்கும். கால்சியம் சென்சரை அளவுக்கு மீறி ஏற்றினால் அதுவே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அலையை அமுக்கிவிடும்.

இன்னொரு வகை சென்சர் இருக்கிறது. 2014 வாக்கில் வந்தது, இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். நொதி ஓய்ந்திருந்தால் ஒளிரும் புரதம் உட்கருவுக்குள் இருக்கும், நொதி வேலை செய்தால் வெளியே வரும். ஒரே நிறம் போதும், கணக்கும் சுலபம். தட்டில் அருமையாக ஓடும். கால்வாயில்? அங்கே உட்கருவின் உறையே சில சமயம் கிழிந்துவிடுகிறது. 2016-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைப் படம்பிடித்தார்கள். உறை கிழிந்தால் உள்ளே இருந்த ஒளிரும் புரதம் வெளியே கொட்டிவிடும். சென்சரைப் பார்க்கிறவர் நொதி விழித்துக்கொண்டது என்று எழுதுவார். நடந்தது சுவர் இடிந்தது. அதனால் இப்படிப்பட்ட சோதனையில் உட்கருவுக்குள் சும்மா இருக்கும் வேறு நிறப் புரதம் ஒன்றையும் காவலுக்கு வைக்க வேண்டும். அதுவும் வெளியே வந்தால் அந்த செல்லின் கணக்கைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். நுண்ணோக்கிக்காரர்களுக்கு அது வேலை விதி. நெருக்கத்தில் சமிக்ஞை மாறியது என்று யாராவது ஒரு படத்தைக் காட்டினால் நான் முதலில் தேடுவது செத்த சென்சரின் படம் எங்கே என்றுதான். இல்லையென்றால் மிச்சத்தை மேலோட்டமாகத்தான் படிப்பேன். கொஞ்சம் கடுமை என்பார்கள், இருக்கட்டும்.

கேள்வி: ஊசி குத்திக் கட்டியைச் சோதித்தால் செல்கள் நசுங்கிப் பரவிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: ஊசி போன பாதையில் செல்கள் ஒட்டி வளர்வது மிக அரிது. எந்தக் கட்டி, எந்த இடம் என்று பார்த்து மருத்துவர்கள் பாதையைத் திட்டமிடுவார்கள். இந்தப் பயத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கட்டிக்குள் நெரிசல் ஏற்கனவே இருக்கிறது. கட்டி வளர வளர அதுவே தன்னை இறுக்கிக்கொள்கிறது. 1997-இல் செல் உருண்டைகளை ஜெல்லுக்குள் பதித்து வளர்த்துப் பார்த்தார்கள். 45 முதல் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வந்தபோது வளர்ச்சி தடைபட்டது. இரத்த அழுத்தத்துக்கு நாம் சொல்லும் எண்கள் நினைவுக்கு வருகின்றன, இல்லையா? ஜெல்லை எடுத்து இறுக்கத்தைத் தளர்த்தியதும் உருண்டைகள் மறுபடி வளர்ந்தன. நெருக்கம் செல்லைக் கொல்லவில்லை, காத்திருக்க வைத்தது.

கேள்வி: இந்த ஒளிரும் சென்சர் எப்போது இரத்தப் பரிசோதனையாக வரும்?

பதில்: இந்த வடிவில் வராது. சென்சரின் மரபணுவைச் செல்லுக்குள் ஏற்ற வேண்டும். ஆய்வகச் செல்லில் அது சரி, நோயாளியின் உடம்பில் முடியாது. இரத்தத்தில் சுற்றும் புற்றுநோய் செல்களை எண்ணும் சோதனை வேறு. அமெரிக்காவில் 2004-இல் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஏற்கனவே பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில், 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஐந்து செல்லோ அதற்கு மேலோ இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கும் என்பது கணக்கு. அது செல்லின் மேலே உள்ள ஒரு புரதத்தைப் பிடித்து இழுக்கும் முறை. அளவையும் நெகிழ்வையும் வைத்துச் சல்லடை போல வடிகட்டும் கருவிகளும் வந்திருக்கின்றன. சல்லடைக்காரர்களுக்கு ஒரு தலைவலி: 2016-இல் ஒரு சோதனையில், இருபது செல் வரை ஒட்டிய கொத்துகள் 5 முதல் 10 மைக்ரான் இடுக்குகளைத் தாண்டிப் போயின. எப்படி என்கிறீர்களா? கொத்து பிரிந்து, ஒருவர் பின் ஒருவராகக் கைகோத்து வரிசையாக நுழைந்து, அந்தப் பக்கம் போனதும் மறுபடி கொத்தாகிவிட்டன.

கேள்வி: பீசோ-1 கதவை மருந்தால் அடைத்துவிட்டால் பரவல் நின்றுவிடுமே?

பதில்: ஆய்வகத்தில் அடைக்கலாம். ஒரு வகைச் சிலந்தியின் விஷத்திலிருந்து எடுத்த சிறு புரதம் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் பீசோ-1 இரத்தக்குழாய்ச் சுவரிலும் சிவப்பணுவிலும்கூட இருக்கிறது, அங்கே அதற்கு முக்கியமான வேலை உண்டு. இன்னொன்று, முதல் பதிலில் சொன்னபடி உட்கரு என்ற இரண்டாவது வழி இருக்கிறது. ஒரு வாசலை அடைத்தால் மற்ற வாசல் திறந்துதான் இருக்கும்.

கேள்வி: இடுக்கைத் தாண்டி வெளியே வந்த செல் பழையபடி ஆகிவிடுமா?

பதில்: சில உடனே ஆகும், சில ஆகாது. கால்சியம் சீக்கிரம் இறங்கிவிடும். உட்கரு, வாயிலிலிருந்து தலை நீட்டியதும் சட்டென்று உருண்டுகொள்ளும். உட்கரு நசுங்கி நுழையும்போது டி.என்.ஏ.வில் முறிவுகளும் விழலாம். அவை மட்டும் அவ்வளவு சுலபமாகப் போகாது. மூன்று மைக்ரான் துளைகளைத் தாண்டிய செல்களின் மரபணுத்தொகுப்பில் மாறுதல்கள் தங்கியிருந்ததை 2017-இல் காட்டியிருக்கிறார்கள். நெருக்கத்தைத் தாண்டுவதே செல்லுக்குப் புதுப் புது மரபணு மாற்றங்களைக் கொடுக்கலாம் என்பது கவலைக்குரிய விஷயம்தான்.

உட்கரு உறையின் கிழிசலைத் தைக்கப் புரதங்களின் ஒரு கூட்டமே இருக்கிறது, எஸ்கார்ட்-3 என்று பெயர். அது வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும். உட்கருவுக்குள் மட்டும் இருந்த பச்சைப் புரதம், உறை கிழிந்ததும் செல் முழுவதும் பரவிவிடும். உட்கரு எது, மற்றது எது என்றே தெரியாது. அப்புறம், தையல் விழுந்த பிறகு, பச்சை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உள்ளே சேரும். சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். எழுந்துபோன நாட்களில் எல்லாம் திரும்பி வந்து பார்த்தால் குவியம் நகர்ந்து, திரையில் வெறும் பச்சை மூட்டம்தான் இருக்கும்.